கேட் தாழ்ப்பாள் போட்ட கோடு

ஆடிக் காற்றில் வீட்டு இரும்பு கேட் தானாகச் சாத்திக்கொண்டு, அதன் தாழ்ப்பாள் காரின் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. கிரே மெட்டாலிக் வண்டி. நகத்தை ஓட்டினால் நகம் மாட்டியது, உள்ளே பிரைமர், அதாவது நிறத்துக்கு அடியில் இருக்கும் பூச்சு, வெளிறித் தெரிந்தது. நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் கிளியர் கோட் பூச்சில் மட்டும் கீறல் என்றால் ரப்பிங் காம்பவுண்டு என்ற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்த்தே எடுத்துவிடலாம், நகம் மாட்டினால் பள்ளத்தைப் பெயிண்டால் நிரப்பித்தான் ஆக வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்தேன். கீறலுக்குள் பேஸ்ட் போய் உட்கார்ந்துகொண்டதுதான் மிச்சம்.

பெயிண்டர் அண்ணன் முழுக் கதவையும் அடிக்கணும், 4,500 ஆகும் என்றார். இன்சூரன்சில் கிளெய்ம் பண்ணினால் மூன்று வருடமாகச் சேர்ந்த 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

வெறுமனே கிரே என்று கேட்டு டச் அப் பெயிண்ட் வாங்க முடியாது, கம்பெனி அந்த நிறத்துக்கு வைத்திருக்கும் குறியீடு (கலர் கோட்) வேண்டும்; என் வண்டியில் அது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஸ்டிக்கராக இருந்தது. கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழைய பாலிஷ் பிசுக்கு போகத் துடைத்து, பாட்டிலோடு வந்த பிரஷ்ஷால் தாராளமாகப் பூசிவிட்டு மறுநாளே தேய்த்தேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. மேலே காய்ந்த மாதிரி இருந்தது, அடியில் ஈரம், பிசின் போல உருண்டு வந்தது. தின்னரைத் துணியில் லேசாகத் தொட்டு மொத்தத்தையும் துடைத்து மறுபடி முதலிலிருந்து.

இந்தத் தடவை பல்குத்தும் குச்சி. பாட்டிலை நன்றாகக் குலுக்காவிட்டால் மெட்டாலிக் துகள் அடியில் தங்கி நிறம் மாறிவிடும். அரை மணிக்கு ஒரு பூச்சாக நாலு பூச்சு, பள்ளத்துக்குள் மட்டும், அப்புறம் கிளியர் கோட் இரண்டு, சுற்றியிருப்பதைவிட ஒரு மயிரிழை மேடாக நிற்கும் வரை. ஒரு வாரம் நிழலில் நிறுத்தித் தொடவே இல்லை.

பிறகு மகளின் அழிரப்பரில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள்) சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு மேட்டை மட்டும் தேய்த்தேன். கம்பெனி கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு, அதனால் கை நடுங்கியது. கதவு மடிப்பில் அது இன்னும் மெலிதாக இருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிவிட்டேன். தண்ணீர் பால் மாதிரி வந்தால் பரவாயில்லை, நிறம் இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அடுத்து 3000, அப்புறம் ரப்பிங் காம்பவுண்டு, கடைசியில் பாலிஷ், எல்லாம் கையால்தான், தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

மொத்தச் செலவு 1,150 ரூபாய். உச்சி வெயிலில் சாய்ந்து பார்த்தால் கோடு கொஞ்சம் கருப்பாகத் தெரிகிறது, குச்சியால் வைத்த துகள் ஸ்பிரே மாதிரி படியாது, அதை மாற்ற முடியாது. நாலடி தள்ளி நின்றால் எனக்கே தேட வேண்டியிருக்கிறது. கேட் தாழ்ப்பாளுக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.