கட்டைவிரலை எடுத்துவிட்டு வாசித்த நாள்

ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகும்போதுதான் முதலில் தெரிந்தது. இடது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, சுருக்கென்று ஒரு வலி. அன்று மாலை சர்ச் பாட்டுப் பயிற்சியில் கிட்டாரில் எஃப் கார்டுக்கு (கார்டு என்றால் பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடி) ஆள்காட்டி விரலைக் கிடத்தி ஆறு கம்பியையும் அழுத்தினேன். அதே இடத்தில் அதே வலி. ஏற்காட்டில் டிசம்பர் குளிர் வேறு.

சேலத்துக்கு இறங்கி எலும்பு டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, முடக்குவாதம் இல்லை, கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம் என்றார். "கிட்டாரை விட்டுடுங்க" என்று முடித்துவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை. 17 வயதில் எடுத்த கிட்டார். இப்போது எனக்கு 54. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் வாசிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட், "கிட்டாரோட வாங்க சார், வாசிச்சுக் காட்டுங்க" என்றார். வாசித்தேன். விரல்களைப் பார்க்காமல், கிட்டார் கழுத்தின் பின்னால் அழுத்திக்கொண்டிருந்த கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அதை எடுத்துட்டு வாசிங்க" என்றார். கட்டைவிரலைக் காற்றில் நீட்டியபடி சி கார்டு பிடித்தேன். எல்லாக் கம்பியும் சுத்தமாக ஒலித்தது. வலது முழங்கை கிட்டாரின் உடலை அணைத்துப் பிடித்திருக்க, இடது கையின் எடையே கம்பியை அழுத்தப் போதுமானதாக இருந்தது. 37 வருஷமாகத் தேவையே இல்லாமல் அந்த மூட்டைக் கசக்கியிருக்கிறேன். கண் கலங்கிவிட்டது.

அப்புறம் கிட்டாரைச் சரி பார்த்தேன். மலையின் ஈரப்பதத்தில் மரம் உப்பி, கம்பி மேலே எழும்பிவிடும். பழுது பார்க்கும் அண்ணன் 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கட்டை) கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார்: மூன்றரை மில்லிமீட்டர். அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சேடிலில், அதாவது கிட்டாரின் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையில், இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். உப்புத்தாளில் தேய்ப்பதும் மாட்டிப் பார்ப்பதுமாக அரை நாள் உட்கார்ந்தார். 12 கேஜ் கம்பியை எடுத்துவிட்டு, அதைவிட மெல்லிய 10 போட்டோம். சத்தம் கொஞ்சம் மெலிந்ததுதான்.

எனக்கு அதிகம் உதவியது கேப்போ, கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப். எல்லாக் கம்பியையும் ஒரு முழு சுருதி (இரண்டு ஃப்ரெட் அளவு) இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் பழைய சுருதி வந்துவிடும், ஃப்ரெட்டுகளும் நெருங்கி வரும், விரலை அகட்ட வேண்டியதில்லை. எஃப் கார்டில் இப்போது கீழ் நான்கு கம்பிதான். பாடுகிறவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காலையில் வெந்நீரில் ஐந்து நிமிஷம் கை, பிறகு 15 நிமிஷம் வாசிப்பு, இடைவெளி. சுருக்கென்றால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுவேன். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கை மூட்டும் வீங்கினால், இதையெல்லாம் முயன்றுகொண்டு இருக்காதீர்கள். அது முடக்குவாதமாக இருக்கலாம், மருந்தே வேறு.

போன ஞாயிறு முதல் பாட்டு வாசித்தேன். இரண்டாவதுக்குக் கை கனத்தது. பக்கத்தில் நின்ற பையனிடம் கிட்டாரைக் கொடுத்தேன். மூன்றாவதுக்கு, "அங்கிள், இந்தாங்க" என்று அவனே திருப்பித் தந்தான்.