சிம்மை மாற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் பொறுங்கள்

"சிம்மை மாத்தித் தர்றியாப்பா" என்று எங்கள் சொந்தத்தில் யார் கேட்டாலும் நான் உடனே சிம் ட்ரேயைத் திறக்கும் ஊசியைத் தேடுவதில்லை, எதற்காக மாற்றுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அதே சிம்மைப் பழைய போனிலிருந்து புதுப் போனுக்குக் கொண்டுபோவது ஒரு வேலை. சிம் தொலைந்தோ கெட்டோ போய் அதே நம்பருக்கு வேறு சிம் வாங்குவது இன்னொரு வேலை. நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றுவது மூன்றாவது, நம்பரையே விட்டுவிட்டு வேறு நம்பருக்குப் போவது நாலாவது. கடையில் நிற்கும் பையனுக்கு இந்த நாலுமே அஞ்சு நிமிட வேலைதான். நமக்கு அப்படி இல்லை. பேங்க், கேஸ், ஆதார், ரேஷன், பி.எஃப். என்று எல்லாமே அந்தப் பத்து இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, எந்த மாற்றம் என்று தெரியாமல் கையை வைத்தால் ஒரு நாள் முழுக்கப் பணம் அனுப்ப முடியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

முதல் வகையில் பயப்பட ஒன்றுமில்லை. போன் வெறும் கருவி, நீங்கள் யார் என்பதை நெட்வொர்க்குக்குச் சொல்வது அந்தச் சின்னச் சில்லுதான். அதற்குள் உங்கள் கணக்குக்கான ஒரு அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சாவியும் இருக்கின்றன. அந்தச் சாவி சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை. டவர் ஒரு புதிர் அனுப்பும், சிம் உள்ளேயே கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும், விடை சரியாக இருந்தால் சிக்னல் கிடைக்கும். 1991-ல் ஜெர்மனியின் கீசெக்கே அண்ட் டெவ்ரியண்ட் கம்பெனி பின்லாந்தின் ரேடியோலின்யா என்ற போன் சேவைக் கம்பெனிக்கு முதல் 300 சிம்களைச் செய்து கொடுத்தபோது அட்டை ஏடிஎம் கார்டு அளவுக்கு இருந்தது. இப்போதைய நானோ சிம் 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர். அளவு இவ்வளவு சுருங்கியும் அடிப்படை அப்படியே இருக்கிறது: கருவி ஒருவரிடம், கணக்கு இன்னொருவரிடம், நடுவில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு துண்டு. போன் கம்பெனியின் தயவு இல்லாமல் நம் நம்பரை நாமே எடுத்துக்கொண்டு போகலாம் என்கிற இந்தச் சுதந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் வந்த பிறகும் வயதானவர்களுக்கு நான் அட்டையையே சொல்வதற்குக் காரணம் அதுதான். போன் தண்ணீரில் விழுந்தால் அட்டையைக் கழற்றி வீட்டில் இருக்கிற ஏதோ ஒரு பழைய போனில் போட்டு அந்த நிமிடமே பேசலாம்.

கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். போனின் ஓரத்தில் இருக்கும் எல்லா ஓட்டையும் சிம் ட்ரே ஓட்டை இல்லை, பக்கத்திலேயே மைக் ஓட்டை இருக்கும் மாடல்கள் உண்டு. அதில் ஊக்கை விட்டுக் குத்தினால் நீங்கள் பேசுவது எதிராளிக்குக் கேட்காமல் போய்விடும். ட்ரேயின் விளிம்புக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குத்துங்கள். நானோ சிம்மைப் பெரிய ஸ்லாட்டில் போட அடாப்டர் சட்டம் வைப்பவர்கள், சட்டத்தை மட்டும் காலியாக உள்ளே தள்ளாதீர்கள், வெளியே இழுக்கும்போது உள்ளே இருக்கும் பின்கள் அதில் மாட்டி உடைந்துவிடும்.

பட்டன் போனிலிருந்து ஸ்மார்ட்போனுக்கு வருகிறவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்தான் பெரிய கவலை. அத்தையின் போனை மாற்றியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "பால்காரர் நம்பர் போயிடாதே?" போகாது, ஆனால் எங்கே சேமித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சில பெயர்கள் சிம்மிலும் சில பெயர்கள் போனிலும் இருக்கும். சிம்மில் பெரும்பாலும் 250 பெயர்கள்தான் கொள்ளும், ஒரு பெயருக்கு ஒரு நம்பர், நீளமான பெயர் பாதியில் அறுந்துபோகும். முதலில் பழைய போனில் இருப்பதையெல்லாம் சிம்முக்கு நகலெடுத்து, புதுப் போனில் காண்டாக்ட்ஸ் செட்டிங்கில் போய் இம்போர்ட் செய்து, கூகுள் கணக்கில் சேமித்துவிட்டால் அதற்கப்புறம் எந்தப் போனுக்குப் போனாலும் கூடவே வரும். சிம்முக்கு பின் நம்பர் போட்டிருந்தால் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், திறக்க கம்பெனியிடமிருந்து எட்டு இலக்க பியூகே எண் வாங்க வேண்டும், அதையும் பத்துத் தடவை தப்பாகப் போட்டால் அந்தச் சிம் முடிந்தது. தோராயமாக ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

இனி இரண்டாவது வகை. இதற்குத்தான் நான் ஒரு நாள் பொறுக்கச் சொல்வது.

சிம் தொலைந்தாலோ, பழைய சிம் 4ஜி-க்கு ஒத்துவராமல் போனாலோ, அட்டையிலிருந்து இ-சிம்முக்கு மாறினாலோ, அதே நம்பரில் உங்களுக்குக் கிடைப்பது வேறு சாவியுள்ள வேறு சிம். அது உயிர் பெற்றதும் பழையது செத்துவிடும். அதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது அடுத்து வருவது: தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் போட்ட உத்தரவுப்படி, இப்படிச் சிம் மாறிய நம்பருக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. கால் பேசலாம், நெட் ஓடும், எஸ்எம்எஸ் மட்டும் நிற்கும். அதாவது ஓடிபி வராது.

எங்கள் சித்தப்பா வீட்டில் நடந்தது இதுதான். சித்தி ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், போனில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று ஒரு கடையில் கொடுத்துப் புதுச் சிம் வாங்கிவிட்டார். கடையில் யாரும் இந்த 24 மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் பில் கட்டப் போனால் கார்டுக்கு ஓடிபி வரவில்லை, யூபிஐ ஆப் "மறுபடி பதிவு செய்யுங்கள்" என்கிறது, பதிவு செய்யப் போனால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுத் தோற்றுப்போகிறது. அது ஏன் என்று புரிந்துகொண்டால் பதற்றம் குறையும். யூபிஐ ஆப்பில் பதிவு செய்யும்போது, இந்தச் சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று நிரூபிக்க உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாக வெளியே போகும். எஸ்எம்எஸ் போகவே வழியில்லாத 24 மணி நேரத்தில் அந்தப் பதிவு எப்படி முடியும்? ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும், போனை அணைத்து அணைத்துப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. கடைசியில் அவர் மகள் கணக்கிலிருந்து பில் கட்டினோம். தனியாக இருக்கிற மனிதராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. புதுச் சிம் கொடுக்கிற ஒவ்வொரு கடையிலும் இதைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்க வேண்டும், கையில் சிம்மைக் கொடுக்கும்போது வாயாலும் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த 24 மணி நேரத் தடையே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். திருடர்கள் உங்கள் பெயரில் பொய்யான ஆவணம் காட்டி உங்கள் நம்பருக்கு வேறு சிம் வாங்கிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து உங்கள் ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போகும். அப்படிச் சேமிப்பை மொத்தமாக இழந்தவர்கள் இருக்கிறார்கள். நம் கையில் இருக்கும் சிம் திடீரென்று செத்துப்போனதைக் கவனித்துப் புகார் செய்வதற்கான அவகாசம்தான் அந்த ஒரு நாள். அதனால் வீட்டில், அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சிக்னல் இருக்கும்போது உங்கள் போனில் மட்டும் ரொம்ப நேரமாக இல்லை, ஏர்ப்ளேன் மோடும் இல்லை, ரீஸ்டார்ட் செய்தும் வரவில்லை என்றால் "டவர் ஏதோ கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள். வேறு போனிலிருந்து சிம் கம்பெனிக்கும் பேங்குக்கும் உடனே பேசுங்கள், பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். இப்போது இ-சிம்மை வைத்தும் இதே திருட்டு நடக்கிறது. கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி 32 இலக்க எண் ஒன்றை அனுப்பி அதை எஸ்எம்எஸ்ஸாகத் தட்டச் சொல்வார்கள். அது அவர்கள் போனின் இ-சிம் அடையாளம். நீங்கள் தட்டிவிட்டால் உங்கள் நம்பர் அவர்கள் போனுக்குப் போய்விடும். போனில் யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள், அம்மா அப்பாவுக்கு உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

கம்பெனி மாற்றுவதைப் பற்றிப் பலருக்கும் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். இந்தியா முழுக்க இந்த வசதி 2011 ஜனவரி 20-ல் வந்தது, மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்பது 2015 ஜூலையில் வந்தது. ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் கோடு வரும், நம் ஊரில் நாலு நாள் செல்லும், அதோடு ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனிக் கடைக்குப் போனால் போதும். நம்பர் வாங்கியோ கடைசியாக போர்ட் செய்தோ 90 நாள் ஆகியிருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது, தொலைந்த அல்லது கெட்டுப்போன சிம்முக்குப் பதிலாக அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கி ஏழு நாள் ஆகாவிட்டால் போர்ட் கோடு கிடைக்காது. அதே மாதம் ரீசார்ஜ் விலை ஏறியதும் பிஎஸ்என்எல்லுக்குப் போகக் கிளம்பியவர்களில் எனக்குத் தெரிந்தவர்களே நிறையப் பேர். போகிறவர்களுக்கு நான் சொன்னது, பழைய சிம்மில் மிச்சம் இருக்கிற பேலன்ஸும் பேக்கும் கூட வராது, அதனால் பேக் முடியப்போகும் நேரமாகப் பார்த்துப் போங்கள், புதுச் சிம் ஓடத் தொடங்கியதும் யூபிஐ ஆப்பில் மறுபடி பதிய வேண்டியிருக்கும், முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாமல் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள் என்றுதான்.

சிக்னல் நன்றாக இருக்கும்போதே போர்ட் செய்துவிடுவது நல்லது. 2018 பிப்ரவரி கடைசியில் ஏர்செல் தமிழ்நாட்டில் முடங்கியபோது, எஸ்எம்எஸ் போகாமல் கோடு வாங்க வழியில்லாமல் ஜனங்கள் கடைகளின் முன்னால் குவிந்தது நினைவிருக்கும். ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் 1900-க்கு எஸ்எம்எஸ் போக விட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2021 டிசம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது, அந்த மட்டில் ஏழைகளுக்கு ஒரு பெரிய நிம்மதி.

நாலாவது வகைதான், நம்பரையே விடுவது, நான் முடிந்தவரை வேண்டாம் என்று தடுப்பது. இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் "இதுக்கு வேற எதுக்கு ரீசார்ஜ்" என்று ஒன்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் நம்பரைத் துண்டிக்கலாம், துண்டித்து இன்னொரு 90 நாளுக்குப் பிறகு அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் பேங்க் கணக்கில் அந்த நம்பர் இன்னும் இருந்தால், உங்கள் ஓடிபியும் கணக்கு விவரமும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். அவர் நல்லவராக இருந்தாலும் அவருக்கும் அது தொல்லைதான், விடாமல் கடன் வசூல் கால்கள் வரும். விடுவது என்று முடிவெடுத்தால் பழைய நம்பர் உயிரோடு இருக்கும்போதே பேங்க், ஆதார், பான், கேஸ், ஈமெயில் எல்லாவற்றிலும் மாற்றிவிட்டு, வாட்ஸ்அப்பில் சேஞ்ச் நம்பர் வசதியை உபயோகித்துவிட்டு, அப்புறம்தான் விட வேண்டும். ஆதாரில் பழைய நம்பர் செத்த பிறகு மாற்றப் போனால் சேவை மையத்தில் வரிசையில் நிற்பது ஒரு பக்கம், அதுவரை ஆதார் ஓடிபி கேட்கிற எந்த வேலையும் நடக்காது.

துபாய், சிங்கப்பூர் போகிற நம் பிள்ளைகளுக்கும் இதுவேதான். இந்தியச் சிம்மை அம்மாவிடம் கொடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, டேட்டா ரோமிங்கை அணைத்து, ரோமிங் வேலை செய்கிற மாதிரி ரீசார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை, பேங்க் ஓடிபி அங்கேயே வந்து சேரும். இங்கே வீட்டில் இருக்கிற பெரியவர்களின் இரண்டாவது சிம்முக்கு, டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது. கடையில் அவர்களாக எடுத்துச் சொல்வது குறைவு, நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, வீட்டில் யார் பெயரில் எந்தச் சிம், எந்தப் பேங்கில் எந்த நம்பர், எது ஆதாரில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டால் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று காட்டும். நம் மாநிலத்தில் ஒருவருக்கு ஒன்பது வரை அனுமதி. நீங்கள் வாங்காத நம்பர் அதில் இருந்தால் அங்கேயே "என்னுடையது இல்லை" என்று புகார் செய்யலாம். பழைய போனை விற்பதாக இருந்தால் ட்ரேயைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள், மெமரி கார்டு பெரும்பாலும் இரண்டாவது சிம்முக்கான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.