கண்புரை ஆபரேஷன்: எந்தத் தூரத்துக்கு லென்ஸ் என்பதை முதலில் பேசிவிடுங்கள்

கண்புரை ஆபரேஷன் என்றதும் மேஜையில் படுக்கும் அந்த 15, 20 நிமிடத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் பிறகு வரும் மனக்குறை பலருக்கும், புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸின் தேர்வில்தான்.

கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து லென்ஸின் பவரைக் கணக்கிடுவார்கள். நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் பவர் ஏறத்தாழ 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) தவறிவிடும். காண்டாக்ட் லென்ஸ் கருவிழியை அழுத்தி வளைவை மாற்றியிருக்கும் என்பதால் அளவெடுப்புக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும்: மென்மையானது ஒன்றிரண்டு வாரம், கடினமானது இன்னும் கூடுதலாக. கண் வறட்சி இருந்தாலும் அளவு தடுமாறும். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களும், சாப்பிட்டு நிறுத்தியவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்தால் ஐரிஸ் (கண்ணின் நிறமுள்ள வளையம்) தளர்ந்து, அதன் நடுத் துளையான பாவை ஆபரேஷன் நடக்கும்போதே சுருங்கிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார்.

இனி லென்ஸ். மோனோஃபோகல் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவு தரும். தூரப் பார்வைக்கு வைத்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இது பெரிய மாற்றம்: கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் படித்துவந்த வசதி போய்விடும். படிப்பதும் தைப்பதும்தான் முக்கியம் என்றால் கிட்டத்துக்கே வைக்கச் சொல்லலாம், கேட்டால்தான் நடக்கும். மல்டிஃபோகல் ஒளியைப் பல தூரங்களுக்குப் பங்கிடுவதால் கண்ணாடித் தேவை குறையும். ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும், மங்கிய வெளிச்சத்தில் எழுத்து வெளிறித் தோன்றும். இரவில் வண்டி ஓட்டுகிறவர்களும் விழித்திரை நோய் உள்ளவர்களும் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாத குறை) உள்ளவர்களுக்கு, அதைச் சரிசெய்யும் டோரிக் அருமையான லென்ஸ். உள்ளே 10 டிகிரி திரும்பிவிட்டால் மட்டும் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

ஆபரேஷன் அன்று பாவையை விரிக்கவும் கண் மரக்கவும் சொட்டு மருந்து போடுவார்கள். சிலருக்கு மரப்பு ஊசி. 2 முதல் 3 மி.மீ. கீறல் வழியாகப் புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி, புரை இருந்த அதே மெல்லிய உறைக்குள் மடித்த லென்ஸை விரிப்பார்கள். பெரும்பாலும் தையல் இல்லை. பளீரென்ற வெளிச்சமும் நிறங்களும் தெரியும், தண்ணீர் வழிவதும் அழுத்தமும் உணர்வீர்கள். இருமல் வருவதுபோல் இருந்தால் சட்டென்று அசையாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சில நாள் உறுத்தலும் எல்லாம் சற்று நீலமாகத் தெரிவதும் இயல்பு. சொட்டு மருந்து சுமார் 4 வாரம், படிப்படியாகக் குறைத்து. இரண்டு மருந்துகளுக்கு நடுவே 5 நிமிடம் விடாவிட்டால் முதலாவதை இரண்டாவது அடித்துக்கொண்டு போய்விடும். கண்ணைத் தேய்க்கவே கூடாது. தூக்கத்தில் கை படாமலிருக்க இரவில் கவசம் வேண்டும். வலியும் சிவப்பும் கூடிப் பார்வை குறைந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். மின்னல், புதிய கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்ததுபோன்ற நிழல் தெரிந்தாலும் அப்படியே: விழித்திரை கழன்றிருக்கக்கூடும்.

புதுக் கண்ணாடிக்கு 4 முதல் 6 வாரம் பொறுங்கள். அதற்கு முன் பவர் நிலைப்படாது.

மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி மங்கினால் புரை திரும்பிவிட்டதென்று கலங்க வேண்டாம். லென்ஸுக்குப் பின்னுள்ள உறை வெளுத்திருக்கும். யாக் லேசரால் அதில் சிறு திறப்பு செய்வார்கள். சில நிமிட வேலை, கீறலே கிடையாது.