முதல் எபிசோடோடு ஓடிப்போகாதீர்கள்: ஆர்த்தால் கிரானிக்கல்ஸ்

கொரியத் தொடர் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது இந்தப் பெயர்தான். ஆர்த்தால் கிரானிக்கல்ஸ். கேட்டவர்களில் பாதிப் பேர் முதல் எபிசோட் பார்த்துவிட்டு "ஒண்ணும் புரியலை" என்று ஓடிவிடுகிறார்கள், மீதிப் பேர் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் என்னிடம் டாகோன் என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போடுகிறார்கள். அந்த முதல் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2019 ஜூனில் டிவிஎன் சேனலில் ஆரம்பித்து, நடுவில் இடைவெளி விட்டு, செப்டம்பரில் முடிந்தது முதல் சீசன். மொத்தம் 18 எபிசோட், மூன்று பாகங்கள். காலம் வெண்கலக் காலம், இடம் ஆர்த் என்ற கற்பனை நிலம். அங்கே நம்மைப் போன்ற மனிதர்கள் ஒரு இனம், நீல ரத்தம் ஓடும், இருட்டிலும் கண் தெரியும், அசாத்திய பலம் கொண்ட நியாந்தல்கள் இன்னொரு இனம். கூட்டணி வைத்துக்கொள்ளலாம் என்று மனிதர்கள் கேட்கிறார்கள், நியாந்தல்கள் மறுக்கிறார்கள். அவ்வளவுதான், நோயைப் பரப்பி, இரவோடு இரவாகத் தீ வைத்து, அந்த இனத்தையே தீர்த்துக்கட்டி விடுகிறார்கள். இதெல்லாம் கதை தொடங்கும் முன்பு நடக்கும் கதை! இரண்டு இனத்துக்கும் நடுவில் பிறந்தவர்களை இகுட்டு என்கிறார்கள், அவர்கள் ரத்தம் ஊதா. கண்டால் கொன்றுவிடுவார்கள். அப்படிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளில் ஒருவன் தாயோடு பெரிய கருப்புப் பாறைச் சரிவைத் தாண்டி இயார்க் என்ற இடத்துக்குப் போய் வாஹான் என்ற சின்னக் குடியோடு வளர்கிறான், இன்னொருவன் நகரத்தில் ஒரு கோபுரத்துக்குள் ஒளித்து வளர்க்கப்படுகிறான்.

முதல் எபிசோடில் இனப் பெயர், குடிப் பெயர், தெய்வப் பெயர், தீர்க்கதரிசனம் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள், அது உண்மை. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சிவப்பு, நீலம், ஊதா என்று ரத்தத்தின் நிறம் மூன்றையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கத் தானாகப் பதியும். நான்காவது எபிசோட் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து என்னைத் திட்டுங்கள்.

சரி, இதில் அப்படி என்ன இருக்கிறது? வாளும் குதிரையும் மந்திரமும் எல்லாத் தொடரிலும் இருக்கிறது. இதில் இருப்பது, ஒரு ஊர் எப்படி நாடாகிறது, ஒரு ஆள் எப்படி அரசனாகிறான், அதற்கு எத்தனை பொய்யும் எத்தனை சாமியும் தேவைப்படுகிறது என்ற விஷயம். ஆர்த்தால் நகரத்தில் முதலில் அரசனே கிடையாது, குடிகளின் கூட்டமைப்புதான். சேன்யோக் குடியிடம் படை இருக்கிறது. வெள்ளை மலைக் குடியிடம் கடவுள் இருக்கிறார். ஹே குடியிடம் வெண்கலம் செய்யும் ரகசியம் இருக்கிறது, அதை அவர்கள் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. படை, கோயில், தொழில்நுட்பம். மூன்றும் மூன்று பேர் கையில் இருக்கும் வரை யாரும் யாரையும் விழுங்க முடியாது. மூன்றையும் ஒரே கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறான் டாகோன், ஜாங் டோங்-கன் நடித்த பாத்திரம்.

இவன் சேன்யோக் தலைவரின் மகன், படைத்தளபதி. போர்க்களத்தில் செத்த தன் வீரர்களின் ஆன்மாவை வழியனுப்பும் சடங்கை இவனே செய்கிறான். கேட்க நல்ல மனசுதானே? ஆனால் அந்தச் சடங்கைச் செய்யும் உரிமை பூசாரிகளுக்கு மட்டும்தான், அதனால் அது குற்றம். வீரர்கள் அவனைக் கொண்டாடுவதும் பூசாரிகள் அவனைக் கண்டு பயப்படுவதும் இந்த ஒரே காரணத்தால். அவன் பாசத்தில் செய்தானா, கணக்குப் போட்டுச் செய்தானா? எனக்கு இன்றுவரை தெரியாது, அதுதான் அந்தப் பாத்திரத்தின் ருசி. கொலைகாரன், ஆனாலும் அவன் முகத்தில் பயம் தெரியும்போதெல்லாம் மனசு அவன் பக்கம் சாய்கிறது, எரிச்சலாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

அவனோடு நிற்கும் டேயல்ஹாவைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம். நடித்தவர் கிம் ஓக்-பின். ஹே குடித் தலைவரின் மகள், அப்பாவுக்கு உளவு பார்க்க வளர்க்கப்பட்டவள், அப்பாவை விடப் பெரிய ஆட்டம் ஆடுகிறாள். இவளும் டாகோனும் ஒருவரை ஒருவர் காதலிக்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகமும் தீரவில்லை, இரண்டும் ஒரே காட்சியில் ஒரே பார்வையில் தெரியும். கொரியத் தொடர்களில் நான் பார்த்த காதல் ஜோடிகளிலேயே மிக ஆபத்தான ஜோடி இதுதான், மிகச் சிறந்ததும் இதுதான்.

இன்னொரு பக்கம் வாஹான் குடியோடு வளர்ந்த அந்த இரட்டையன் உன்சோம், அதே குடியின் டான்யா. நடித்தவர்கள் சோங் ஜூங்-கி, கிம் ஜி-வொன். வாஹான் மக்கள் விலங்கைப் பழக்குவதையே தவறு என்று நினைப்பவர்கள், உன்சோம் குதிரையேறிப் பார்ப்பது அங்கே பெரிய விவகாரம். அந்த மக்களைத்தான் நகரத்துக்காரர்கள் இரண்டுகால் மிருகம் என்று சொல்லி அடிமைகளாக இழுத்துப் போகிறார்கள். டான்யா அந்தக் குடியின் அடுத்த பூசாரியாக வேண்டியவள், ஆனால் கனவு காணத் தெரியாதவள். நகரத்தில் அடிமையாக நிற்கும்போது இந்த ஊரில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கிறாள், வாள் தூக்கத் தெரியாது, சொல் மட்டும் இருக்கிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் ஏறும் உயரம் இருக்கிறதே! அதைச் சொல்லிவிட்டால் பாதி சுவாரசியம் போய்விடும், வேண்டாம்.

கோபுரத்தில் இருக்கும் இன்னொரு இரட்டையன் சாயாவும் சோங் ஜூங்-கிதான். ஆறாவது எபிசோட் தாண்டியதும் தொடரே வேறு வேகத்துக்குப் போவது இவனால்தான். நீளமுடி, ஊதா உதடு, உலகத்தைப் படித்து மட்டுமே தெரிந்துகொண்ட ஒருவனுடைய குளிர்ந்த புத்தி. உன்சோம் கோபப்பட்டால் உடம்பெல்லாம் கோபப்படும், சாயாவுக்குக் கண் மட்டும். இரண்டு பேரையும் ஒரே நடிகர் செய்கிறார் என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோகிறது. அப்புறம் மூபெக் என்ற படைவீரனாக வரும் பார்க் ஹே-ஜூன், அதிகம் பேசமாட்டார், அவர் நெற்றிச் சுருக்கமே பாதி வசனம் பேசிவிடும்.

எழுதியவர்கள் கிம் யங்-ஹ்யோன், பார்க் சாங்-யோன். குயின் சொந்தோக், ட்ரீ வித் டீப் ரூட்ஸ், சிக்ஸ் ஃப்ளையிங் டிராகன்ஸ் எல்லாம் இந்த இருவர் எழுதியவை, அதிகாரம் எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான் இவர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். கொரிய வரலாற்றுக்குள் நின்று எழுதியதை, இங்கே வரலாற்றுக்கும் முந்தைய ஒரு கற்பனை நிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முதல் சீசனின் இயக்குநர் கிம் வொன்-சொக், மிசேங், சிக்னல், மை மிஸ்டர் எடுத்த அதே ஆள். அலுவலக நாற்காலிகளுக்கு நடுவே மனிதர்களைக் காட்டியவர் பாறையும் காடுமாக இப்படி ஒன்று எடுத்திருக்கிறார் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. சில கிராஃபிக்ஸ் காட்சிகள் பல்லிளிக்கின்றன, சில உடைகளைப் பார்த்தால் யாரோ கிடங்கிலிருந்து அவசரமாக எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கும். ஒளிபரப்பான சமயத்திலேயே கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற மேற்கத்திய தொடரின் நகல் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருந்தது. உடையையும் சிம்மாசனத்தையும் மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். இங்கே யாரும் பழைய சிம்மாசனத்துக்குச் சண்டை போடவில்லை, சிம்மாசனம் என்ற ஒன்றே இப்போதுதான் உருவாகிறது, வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பெரிய வருத்தம் ஒன்றே ஒன்று. முதல் சீசன் கதையை முடிக்காமல் நிற்கிறது, அடுத்தது வர நான்கு வருடம் ஆனது. 2023 செப்டம்பரில் தி ஸ்வோர்ட் ஆஃப் அராமுன் என்ற பெயரில் 12 எபிசோடாக வந்தது, இயக்குநர் மாறிவிட்டார், இரட்டையர்களாக லீ ஜூன்-கி, டான்யாவாக ஷின் சே-கியோங். ஜாங் டோங்-கனும் கிம் ஓக்-பின்னும் அப்படியே தொடர்கிறார்கள். லீ ஜூன்-கி வாள் பிடித்தால் அதன் அழகே தனி, அதில் குறை சொல்ல முடியாது, இருந்தாலும் டான்யா என்று யாராவது கூப்பிட்டதும் கிம் ஜி-வொன் திரும்பிப் பார்ப்பார் என்று என் கண் எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தது. முதல் சீசன் முடித்த சூட்டோடு இரண்டாவதில் குதிக்காமல் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், முகங்கள் மாறியது அவ்வளவாக உறுத்தாது. சாயா பக்கமா உன்சோம் பக்கமா என்ற சண்டைக்கு நான் எப்போதும் தயார், நான் சாயா பக்கம்.