மூன்றாவது குட்டி

எங்கள் பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த கடிதத்தைப் படித்தபோது, விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் பரிசளிப்பு விழாவைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை விவசாயத் தோட்டத்துக் கொட்டிலும் அங்கே பிறந்த மூன்று வெள்ளாட்டுக் குட்டிகளும்தான். அவற்றில் மூன்றாவது குட்டிக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன்.

எட்டாம் வகுப்பில் கொட்டில் வேலை எனக்கும் என் பக்கத்து இருக்கை நண்பனுக்கும் வந்து சேர்ந்தது. ஆடு சினைப்பட்ட நாளை விவசாய ஆசிரியர் கதவின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் எழுதி, அதிலிருந்து 150 நாள் எண்ணச் சொன்னார். கணக்குப் பாடத்தில் காட்டாத அக்கறையை இதில் காட்டினோம். இரண்டு நாள் முந்திக்கொண்டு, காலை இரண்டாம் பாடவேளையில், ஆடு ஈன்றது.

முதல் குட்டி கால் மணி நேரத்தில் எழுந்து நின்றது. நின்றது என்றா சொல்வது? நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போக, விழுந்து, மறுபடியும் எழுந்தது. குளம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். நுனி மெழுகுபோல மெத்தென்று இருந்தது. கருவில் உதைக்கும்போது தாயின் உள்ளே கிழிந்துவிடாமல் இருக்க அந்த உறை. நடக்க நடக்கத் தேய்ந்து உதிர்ந்துவிடும். வேடிக்கை பார்க்க வந்த தமிழாசிரியர், ஆட்டின் இளமைக்குத் தொல்காப்பியம் சொல்லும் பெயர் ‘மறி’ என்றும், குதிரைக்கும் மானுக்கும்கூட அதே பெயர்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் யார் கேட்டார்கள்!

ஏனென்றால் மூன்றாவது குட்டி வந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டையும்விடச் சிறியது. தாய் முதல் இரண்டையும் நக்குவதில் மும்முரமாக இருந்தது. ஆசிரியரை யாரோ அலுவலகத்துக்கு அழைத்தார்கள். நாங்கள் இருவரும் அந்தச் சின்னதைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனோம். வெந்நீர் வாங்கி, சளிபோல ஒட்டியிருந்த நீரையெல்லாம் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பளபளவென்று கொண்டுவந்து தாயின் முன்னே விட்டோம். அது முகர்ந்து பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு.

“தம்பி, அவளுடைய குட்டி என்று அவளுக்குச் சொன்னது அந்த வாசனை. அதைத்தான் கழுவிவிட்டீர்கள்” என்றார் ஆசிரியர். அடித்திருந்தால் பரவாயில்லை. ஈன்ற முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நக்கி முகர்ந்துதான் தாய் தன் குட்டியை மனத்தில் எழுதிக்கொள்கிறது. சில நிமிடங்கள் போதும். அந்த நேரம் முழுவதும் பிரித்து வைத்துவிட்டால் பெரும்பாலும் சேர்க்காது. பிறகு ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஊட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் வாலடியை முகர்ந்துவிட்டு உதைத்தது.

அதனால் சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊட்ட வேண்டியதாயிற்று. உடனே ஊட்ட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஆட்டுக்குட்டிக்கு நோய் எதிர்ப்பு கருவிலேயே தாயின் இரத்தத்திலிருந்து வருவதில்லை, சீம்பாலில்தான் வரவேண்டும். குடலும் முதல் ஒரு நாள் வரைதான் அதை அப்படியே உள்ளே விடும். அதிலும் நேரம் போகப் போகக் குறையும். புட்டியைத் தாயின் மடி உயரத்தில், குட்டி கழுத்தை நிமிர்த்திச் சப்பும்படி பிடிக்கச் சொன்னார். சப்பும்போது உள்ளே ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு, பால் வயிற்றின் முதல் மூன்று அறைகளைத் தாண்டி நேரே நான்காவது அறைக்குப் போகிறது. பிறந்த குட்டிக்கு அதுதான் பெரிய வயிறு. முதல் அறை இலை தின்னத் தொடங்கிய பிறகே வளர்கிறது. மூன்றாவது வாரத்தில் எங்கள் குட்டி படுத்துக்கொண்டு வாயை ஆட்டியபோது, என் புத்தகத்தைத் தின்றுவிட்டது என்று பதறினேன். அசைபோடப் பழகிக்கொண்டிருந்தது.

மற்ற இரண்டும் முதல் சில நாள் பாலைக் குடித்துவிட்டு, உடைந்த மேசைகளின் அடியில் ஒளிந்து கிடந்தன. தாய் மேய்ந்து திரும்பிக் கூப்பிட்டால்தான் வெளியே வரும். செம்மறிக் குட்டி தாயின் காலடியிலேயே திரியும். வெள்ளாட்டுக் குட்டியின் பழக்கம் இந்த ஒளிவுதான். எங்களுடையதும் ஒளிந்தது, ஆனால் எங்கள் குரலுக்கு வந்தது. ‘ம்மே’ என்று என் நண்பன் மூக்கால் இழுத்துக் கூப்பிடுவான். கண்ணின் குறுக்கே கோடுபோல் கிடக்கும் அந்தக் கருவிழியோடு எட்டிப் பார்க்கும். பிறகு மேசை, பெஞ்சு, ஒருநாள் குனிந்து நின்ற விவசாய ஆசிரியரின் முதுகு என்று ஏறாத இடமில்லை. வெள்ளாட்டின் முன்னோர் பாறை ஏறிகள். மனிதரோடு பட்டியில் வாழத் தொடங்கிச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகியும் அந்தக் கால் மறக்கவில்லை. விளிம்பு கடினமாகவும் நடுவில் மெத்தென்றும் உள்ள இரண்டு விரல் குளம்பு எதையும் பற்றிக்கொள்ளும்.

பல ஆண்டுகள் கழித்து, லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட இரண்டு முடிவுகளைப் படித்தேன். ஒன்றாக வளரும் குட்டிகளின் கத்தல் நாளடைவில் ஒன்றுபோலாகிவிடுகிறதாம். பால் மறந்து பிரிந்த குட்டிகளின் குரலை, பல மாதங்கள் கழிந்த பின்னும் தாய்கள் அடையாளம் கண்டுகொண்டனவாம். முதல் செய்தி சிரிப்பூட்டியது. இரண்டாவதைப் படித்ததும் குழாயடிதான் கண்முன் வந்தது.

நண்பன் இப்போது வேறொரு நாட்டில் இருக்கிறான். இதை எழுதும் முன், அந்தக் குட்டியை எப்படிக் கூப்பிடுவோம் என்று தொலைபேசியில் கேட்டேன். யோசிக்காமல் ‘ம்மே’ என்று மூக்கால் இழுத்தான். அந்தப் பக்கத்தில் அவன் மனைவி, “என்ன சத்தம் அது?” என்று கேட்டது எனக்கும் கேட்டது.