கேள்

நர்ஸ் வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதில் டிசம்பர் 31 இரவைக் கோயிலில் கழித்தது நாலைந்து தடவைதான் இருக்கும். மற்ற வருஷங்களில் எனக்கும் சேர்த்து அம்மாதான் பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்து வருவார்கள். தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். ஆசீர்வாத வசனம் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கண்டிக்கிற வசனம் வந்தால், "இது உனக்கு எடுத்தது" என்று என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஏறும். பிப்ரவரிக்குள் கேஸ் பில் அதை மறைத்துவிடும்.

போன வருஷத் தொடக்கத்தில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எங்கள் சபை ஐயரின் (போதகரின்) மனைவி ஐயரம்மா ஒரு யோசனை சொன்னார்கள். அட்டை எடுப்பது எடுப்பதாக இருக்கட்டும், கூடவே ஒரே ஒரு சொல்லையும் தேர்ந்துகொண்டு வருஷம் முழுக்க அதை வைத்து ஜெபிக்கலாமே என்றார்கள். அமெரிக்கச் சபைகளில் புத்தாண்டுத் தீர்மானங்களுக்குப் பதிலாக இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். அமெரிக்கா என்றதும் எனக்குச் சுவாரசியம் குறைந்துவிட்டது. அப்புறம் அவர்கள் சொன்னதுதான் பிடித்தது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தனித்திருந்த துறவிகளைத் தேடி ஜனங்கள் நடந்தே போவார்களாம். போய், "அப்பா, எனக்கு ஒரு சொல் சொல்லும்" என்பார்களாம். பிரசங்கம் வேண்டாம், ஒரு சொல் போதும்.

சுற்றி இருந்தவர்கள் சமாதானம், விசுவாசம், செழிப்பு என்று எழுதினார்கள். நான் 'கேள்' என்று எழுதினேன். இதில் ஆவிக்குரிய காரணம் எதுவும் இல்லை. எனக்கு நைட் டியூட்டியிலிருந்து விடுதலை வேண்டியிருந்தது. "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே, கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன். கர்த்தரிடம் கேட்டேன், தலைமை நர்ஸான மேட்ரனிடமும் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார்கள் மேட்ரன். கர்த்தர் அதுகூடச் சொல்லவில்லை.

மார்ச்சில் அது நடந்தது.

நர்ஸாக இருப்பவர்களுக்குத் தெரியும், சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை எழுதும் கட்டத்தில் எல்லோரும் 20 என்றுதான் எழுதுவோம். நாடி, பிரஷர், ஆக்சிஜன் எல்லாவற்றையும் மெஷின் காட்டிவிடும். மூச்சை மட்டும் வார்டில் நாம்தான் எண்ண வேண்டும். அதுவும் முழுசாக ஒரு நிமிஷம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருந்தால் சரி. அதனால் கை தானாக 20 என்று எழுதும். நோயாளியின் உடம்பு மோசமாகப் போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த மூச்சுதான் என்று படித்திருக்கிறோம், பரீட்சையிலும் எழுதியிருக்கிறோம்.

அன்று ராத்திரி பதினோராம் பெட்டில் இருந்த பெரியவர், "ஒரு மாதிரியா இருக்கும்மா" என்றார். ஆக்சிஜன் 95, பிரஷர் சரியாக இருந்தது. "தூங்குங்க தாத்தா" என்று போர்வையை இழுத்துவிட்டு 20 என்று எழுதினேன். காலை டியூட்டிக்கு வந்த பெண் எண்ணியபோது 32. ஐசியூவுக்கு மாற்றினார்கள். ஒரு வாரத்தில் தேறி வெளியே வந்துவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோருடைய சார்ட்டிலும் அதே 20தானே. யாராவது திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரம் ஜெபிக்க உட்கார்ந்தபோது அந்தச் சொல் வேறு மாதிரி முறைத்தது. "ஒரு மாதிரியா இருக்கு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, நான் கேட்கவில்லை. வேதாகமத்தில் சாமுவேல் கதையைத் திறந்தேன். பிள்ளையில்லாத அன்னாள், கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன் என்று சொல்லித்தான் மகனுக்குப் பேர் வைக்கிறாள். அதே மகன் ராத்திரியில் ஆலயத்தில் படுத்திருக்கும்போது, "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்கிறான். (அவனுக்கும் நைட் டியூட்டிதான்.) அம்மா கேட்டது ஒரு கேட்டல், பிள்ளை கேட்டது இன்னொன்று. எபிரேயத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் என்று ஐயர் சொன்னார்; தமிழில் ஒன்றேதான். சாலொமோன் ராஜாவிடம், "நீ விரும்புகிறதை என்னிடத்தில் கேள்" என்கிறார் தேவன். நம் வேதாகமத்தில் அவன் ஞானமுள்ள இருதயத்தைக் கேட்கிறான். எபிரேயத்தில் அது 'கேட்கிற இருதயம்' என்று இருக்கிறதாம். எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற இடத்தில் அவன் அதைக் கேட்டிருக்கிறான். எனக்கு நைட் இல்லாத ஓ.பி. (வெளிநோயாளிகள் பிரிவு) டியூட்டி கேட்கத்தான் தோன்றியது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையின் முதல் சொல்லே 'கேள்' என்பதுதான். லத்தீனில் அது எந்த வினைச்சொல்லோ, அதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஆஸ்கல்டேஷன்' வந்திருக்கிறது. இத்தனை வருஷமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறேன்.

அதன் பிறகு என் தியானம் என்றால் அந்த ஒரு நிமிஷம்தான். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஆண்டவரே, கேட்கிறேன் என்று மனதில் ஒரு தரம் சொல்லிவிட்டு எண்ணத் தொடங்குவேன். வேறு ஜெபம் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும்போது சிலர் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பேசினால் எண்ணிக்கை போச்சு. மகன் ஃபோன் எடுக்காதது, பில் கட்ட நகையை வைத்தது என்று எல்லாம் வரும். கேட்டுவிட்டு மறுபடி எண்ண வேண்டும்.

இருபத்திரண்டு பெட்டுக்கு ராத்திரியில் இரண்டு பேர். எல்லோருக்கும் ஒரு நிமிஷம் என்பது நடக்கிற காரியமில்லை. ஆபரேஷன் ஆனவர்கள், காய்ச்சல்காரர்கள், "ஒரு மாதிரியா இருக்கு" என்பவர்கள் ஆகியோருக்கு முழு நிமிஷம். மற்றவர்களுக்கு அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்வேன். அக்டோபரில் காய்ச்சல் சீசன் வந்து வராண்டாவிலும் கட்டில் போட்டபோது சொல்லாவது தியானமாவது. மூன்று வாரம் சுத்தமாக மறந்துவிட்டேன். சார்ட்டில் மறுபடி 20, 20, 20.

கேட்பதிலும் கொஞ்சம் துணிச்சல் வந்தது. ஃபோனில் டாக்டர் சொல்கிற மருந்தை எழுதி, திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நடு ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் பேசும் டாக்டரிடம் அதைச் செய்யக் கூச்சம். ஆகஸ்டில் ஒரு நாள் இன்சுலின் அளவு சொன்னார். "சார், ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா?" என்று கேட்டேன். "எத்தனை தடவை சிஸ்டர் சொல்றது?" என்று எரிந்து விழுந்தார். அவர் சொன்னது பதினைந்து. நான் எழுதி வைத்திருந்தது ஐம்பது.

ஓ.பி. டியூட்டி இன்னும் வரவில்லை. கேட்பதையும் நான் விடவில்லை.

இந்த டிசம்பர் 31க்கும் நைட்தான். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் நாலாம் பெட் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன சிஸ்டர், இவ்வளவு நேரம் நாடி பாக்கிறீங்க?" என்றார்கள். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருந்தபோது கோயில் மணி அடித்தது, வெளியே சரவெடி கிளம்பியது. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு ஒன்றிலிருந்து எண்ணினேன்.