முதலில் உப்பைத் துடையுங்கள், பிறகு உலர்த்துங்கள்

முட்டம் பாறையில் அரை மணி நேரம் படம் பிடித்துவிட்டு வந்து, லென்ஸை நேராக, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கேமரா வைத்திருக்கும் பலருடைய பழக்கம் இது. டப்பா வைத்திருப்பது நல்ல விஷயம்தான், வரிசைதான் தப்பு. உப்போடு உள்ளே போன லென்ஸ் டப்பாவுக்குள்ளும் ஈரமாகத்தான் இருக்கும்.

காரணம் உப்பின் குணத்தில் இருக்கிறது. சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நசநசத்துப் போவது இதனால்தான். கடல்நீரில் இது மட்டும் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன, அவற்றில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கும். கேமராவுக்கு ஏற்றது என்று நாம் வைக்கும் அளவோ 40 முதல் 50 சதவீதம். ஆகவே, கடல் சாரல் படிந்த லென்ஸை எத்தனை நாள் டப்பாவில் வைத்தாலும் அந்தப் படலம் முழுதாக உலராது. ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் பச்சைப் பொடி பூப்பதும், லென்ஸ் மாட்டும் மவுண்டின் திருகுகள் துருப்பிடிப்பதும், ஜூம் வளையம் கரகரப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன. வெளியே வைத்தால் இன்னும் மோசம். இரவில் கரைந்து இடுக்கில் இறங்கும், பகலில் காய்ந்து அங்கேயே படிகமாகும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உள்ளே போகும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் பிடிபடுவதில்லை. கடையில் விற்கும் லென்ஸ் கிளீனர்களில் சில ஆல்கஹாலால் ஆனவை. எண்ணெய்ப் பிசுக்கும் விரல் ரேகையும் அதில் போகும், உப்பு போகாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் உப்பு கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். அதை ஊற்றித் துடைத்தால் படிகங்களைக் கண்ணாடி முழுக்க இழுத்துப் பரப்பியதுதான் மிச்சம். உப்புக்கு மருந்து தண்ணீர். அதுவும் நல்ல தண்ணீர். கடற்கரை ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வைத்தால் மாதக்கணக்கில் வரும்.

கடற்கரையிலிருந்து வந்த அன்றைக்கே, தூங்கப் போகும் முன் செய்ய வேண்டியது இது. கேமராவை அணைத்து, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்து, ரப்பர் புளோயரால் மணலை ஊதி விடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி போகும். லென்ஸை இப்போது கழற்றக் கூடாது. மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, பாடியைத் துடையுங்கள். ஹாட் ஷூ, பொத்தான்களின் விளிம்பு, பேட்டரி மூடியின் ஓரம், வார் கோக்கும் வளையம் இவற்றில்தான் உப்பு தங்கும். ஜூம் வளையத்தை முழுக்க நீட்டி, வெளியே வந்த குழாயையும் துடைக்க வேண்டும். அதைத் துடைக்காமல் உள்ளே இழுத்தால் உப்பும் கூடவே போய்விடும். பிறகு துணியின் வேறொரு சுத்தமான பக்கத்தை நனைத்து இன்னொரு முறை. முதல் முறை உப்பைக் கரைக்கிறது, இரண்டாம் முறைதான் எடுக்கிறது. ஒரு தடவையோடு நிறுத்துபவர்களுக்கு வெள்ளைக் கோடுகள் தங்கிவிடும்.

முன் கண்ணாடிக்கு வேறு துணி. இரண்டு சொட்டு நீரைத் துணியில் விட்டு, கண்ணாடியில் நேரடியாக விடாமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக, அழுத்தாமல் துடையுங்கள். உப்பு போன பிறகு பிசுக்கு இருந்தால் லென்ஸ் கிளீனர் போடலாம். கடைசியில் ஃபேன் காற்றில் ஒன்றிரண்டு மணி நேரம். அதன் பிறகுதான் டப்பா.

காய்ந்த துணியால் கடற்கரையிலேயே துடைத்துக்கொள்வது ஏன் ஆபத்து என்பதற்கு நம் மணலே பதில் சொல்லும். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் எல்லாம் கலந்திருப்பதால்தான் அங்கே மத்திய அரசின் கனிம நிறுவனமான ஐஆர்இஎல்-இன் ஆலை நடக்கிறது. சாதாரணக் கண்ணாடியின் கடினம், எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் அளவில் ஐந்தரையை ஒட்டி இருக்கும். கார்னெட் ஆறரையிலிருந்து ஏழரை வரை, சிர்க்கான் ஏழரை. ஒரு துகள் துணியில் சிக்கினால் போதும், லென்ஸின் மேல்பூச்சான கோட்டிங்கில் கோடு விழுந்துவிடும். இல்மனைட்டை வலுவான காந்தம் இழுக்கும். அதனால் இப்போது பரவலாகிவிட்ட காந்த ஃபில்டர்களை அந்தக் கரையில் மணல் பக்கம் கொண்டுபோகாமல், திருகும் ஃபில்டரையே மாட்டுவது நல்லது.

படம் எடுக்கும் இடத்திலேயே சாரலைக் குறைக்கவும் வழி உண்டு. இரவு நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் தரைக்காற்று விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும், கடல்காற்று எழுவது வெயில் ஏறியபின். ஆகவே ஜனவரியிலிருந்து மார்ச் வரை சூரிய உதயத்துக்குப் போகிறவர்களுக்கு உப்பு குறைவு, மாலையில் போகிறவர்களுக்கு அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று, அடிக்கும் நாட்களில் இந்தக் கணக்கெல்லாம் நடக்காது, எந்த நேரமும் சாரல்தான். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் ஒதுங்க இடமே இல்லை, சுற்றிலும் கடல். படகுத்துறையிலிருந்து பாறை போய்ச் சேரும்வரை கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும், லென்ஸை ஊரிலேயே தேர்ந்து மாட்டிக்கொண்டு போங்கள். முன்னால் ஒரு தெளிவான யூவி ஃபில்டர் போடுங்கள். வேறு ஊரில் இது தேவையா என்று வாதாடலாம், இங்கே வாதமே வேண்டாம். நீர்புகாத சீல் உள்ள சில லென்ஸ்களில் முன் ஃபில்டர் மாட்டினால்தான் அந்த சீலே முழுமையாகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து ஃபில்டரைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத படலம் சாய்வெளிச்சத்தில் பால்போலத் தெரியும். உதயத்தைப் பார்த்து எடுத்த படத்தில் கறுப்பு சாம்பலாகப் போயிருந்தால், கேமராவைக் குறை சொல்லும் முன் அந்தப் படலத்தைப் பாருங்கள்.

இனி டப்பா. இருபது லிட்டர் அளவில், மூடியில் ரப்பர் பீடிங்கும் நாலு பக்கமும் கிளிப்பும் உள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். வாங்கும்போது செய்தித்தாள் துண்டு ஒன்றை மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். நாலு பக்கத்திலும் தாள் நகரக் கூடாது. எந்தப் பக்கம் வழுக்கி வருகிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது.

சிலிக்கா ஜெல் எவ்வளவு என்பதில் பலருக்குக் குழப்பம். கணக்கு எளிது. 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். இருபது லிட்டர் டப்பாவில் அது அரை கிராம்தான். 45 சதவீதத்துக்கு இறக்க கால் கிராமுக்கும் குறைவாகவே எடுத்தால் போதும். 250 கிராம் ஜெல்லுக்கு இது ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் பத்து நாளில் ஜெல் நிறம் மாறிவிட்டால் ஜெல்லில் குறை இல்லை. மூடி ஒழுகுகிறது, அல்லது வியர்வை ஊறிய துணி வாரையோ கேமரா பையையோ உள்ளே வைத்திருக்கிறீர்கள். துணியும் ஸ்பாஞ்சும் தோல் உறையும் ஈரத்தைக் கிராம் கணக்கில் பிடித்து வைக்கும். தோல் பூஞ்சைக்குத் தீனியும்கூட. அவற்றை டப்பாவுக்கு வெளியே வையுங்கள்.

ஜெல்லை மெல்லிய பருத்திப் பையில் கட்டி அடியில் வையுங்கள், அதன் தூசு லென்ஸில் படக் கூடாது. நீலத்திலிருந்து ரோஸ் நிறமாகும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகைதான் சரி. நிறம் மாறியதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி வேலை செய்யும். ஓவன் இல்லையென்றால், சமையலுக்கு எடுக்காத கனத்த இரும்புச் சட்டியில் மெல்லிதாகப் பரப்பி, சிம்மில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். சூடு மிஞ்சினால் நிறம் கறுத்துவிடும், பிறகு ஈரம் ஏறியதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. எடுத்ததும் மூடியுள்ள சம்படத்தில் போட்டு ஆறவையுங்கள். திறந்து வைத்து ஆறவிட்டால் நம் ஊர்க் காற்றிலேயே பாதி ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.

அரிசி போட்டு வைக்கலாமே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரண அரிசியிலேயே 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. அது டப்பாவை உலர்த்தாது, மாவுத்தூளை மட்டும் கொடுக்கும்.

டப்பாவுக்குள் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் கட்டாயம். மலிவான மீட்டர்கள் ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ காட்டும், சில அதைவிட மோசம். சரிபார்க்க நம்மிடமே கருவி இருக்கிறது. பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, ஈரமணல் போல ஆகும்வரை சில சொட்டு நீர் விடுங்கள், முழுக்கக் கரையக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து அடைத்து, வெயில் படாத இடத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். மீட்டர் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படியுங்கள். நம் மாவட்டத்துப் புத்தளம் பக்கத்து உப்பளக் கல்லுப்பை இதற்கு எடுக்காதீர்கள். அதில் மக்னீசிய உப்பும் கலந்திருக்கும், கணக்கு கொஞ்சம் விலகும்.

ஈரத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின்சார டிரை கேபினெட் வாங்குபவர்கள் 45 சதவீதத்தில் வைத்தால் சரி. 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பர் பிடிகளுக்கு நல்லதல்ல. கரண்ட் போனால் பதற வேண்டாம், கதவைத் திறக்காமல் விட்டால் உள்ளே ஈரம் மெதுவாகத்தான் ஏறும்.

கடலிலிருந்து தள்ளி, குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் உள்ளவர்களுக்கு உப்புத் தொல்லை இல்லை. அங்கே எதிரி பூஞ்சை. ரப்பர் தோட்டத்து நிழலில் இரண்டு மழைக்காலமும் சேர்ந்து ஈரத்தை விடாமல் வைத்திருக்கின்றன. ஈரப்பதம் 65, 70-க்கு மேல் தொடர்ந்து நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை வேர்விடும். மாதம் ஒருமுறை லென்ஸைக் கழற்றி, ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தனித்தனிப் புள்ளி என்றால் தூசி, படத்தில் தெரியாது, விட்டுவிடலாம். ஓரத்திலிருந்து சிலந்திவலைபோலக் கிளை பிரிந்து வந்தால் பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரிக்கும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. அந்த லென்ஸைத் தனி டப்பாவில் வைத்து, சீக்கிரம் சர்வீஸுக்குக் கொடுங்கள். வெயிலில் காயவைப்பது வீண்வேலை. பூஞ்சை செத்தாலும் தடம் அங்கேயே கிடக்கும், சூட்டில் உள்ளே உள்ள எண்ணெய் வேறு இளகும்.

விடுதியில் தங்குகிறவர்களுக்கு ஒன்று. வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. ஏசியில் 22-ல் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்த மறுகணம் உள்ளும் புறமும் நீர் கட்டும். உதயத்துக்குப் போகும் முன் கேமராவை அறைக்குள்ளேயே ஜிப் கவரில் காற்றில்லாமல் அடைத்து, அப்படியே வெளியே கொண்டுபோய் அரை மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். ஏசி இல்லாத குளியலறையில் இரவே வைத்துவிடுவதும் தப்பு, அங்கே ஈரம் அதிகம்.

செல்போனில் எடுப்பவர்கள், தூசியும் நீரும் புகாது என்று சொல்லும் ஐபி68 என்ற எழுத்தை நம்பிக் கடலில் நனைக்க வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. சாரல் பட்டால் நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்து, சார்ஜ் துளை முழுக்கக் காயும்வரை வயர் செருகாதீர்கள். உப்பீரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே உள்ள பின்கள் கறுத்துப்போகும்.

டிரைபாடை அலையில் நிறுத்தும்போது கீழே உள்ள மெல்லிய காலை முதலில் முழுக்க நீட்டுங்கள். பூட்டும் இணைப்பு நீருக்கு மேலேயே நிற்கும். வீட்டில் எல்லாக் கால்களையும் நீட்டி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, நீட்டியபடியே ஒரு இரவு நிறுத்துங்கள். காயும் முன் மடக்கிவிட்டால் அடுத்த முறை திறக்க இடுக்கி தேவைப்படும்.